தன்னுடல் தாக்கு நோய்களுக்குச் செல் சிகிச்சை: காரைக்குடியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு லூபஸ் என்ற தன்னுடல் தாக்கு நோய் (ஆட்டோ இம்யூன் நோய்) வந்து பதினொரு வருஷம் ஆகிறது. கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்த மறு வருஷமே விரல் மூட்டெல்லாம் வீங்கி, கன்னம் சிவந்து, அப்புறம் சிறுநீரில் புரதம் போகிறது என்று மதுரையில் கண்டுபிடித்தார்கள். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. மாத்திரை டப்பாவோடு வாழ்கிற ஒரு நோயாளி, அவ்வளவுதான். ஆனால் "ஜெர்மனியில் லூபஸைக் குணப்படுத்திவிட்டார்களாம்" என்ற வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து, செக்காலை ரோட்டில் காய் வாங்கப் போனாலும் சரி, கொப்புடையம்மன் கோவிலில் நின்றாலும் சரி, யாராவது ஒருவர் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்கிறார்கள். மதுரையில் என்னைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டதையும், வெளிவந்த ஆய்வுகளை உட்கார்ந்து படித்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் எல்லாம் நிஜமாகவே என்னிடம் கேட்கப்பட்டவை.

முதலில், இந்த ஆட்டோ இம்யூன் நோய் என்பது என்ன? ரத்தத்தில் கெட்டது சேர்ந்துவிட்டது என்று சொல்கிறார்களே?

ரத்தத்தில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நம் பக்கத்துப் பெரிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். குடும்பம் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கும், முகப்பில் ஒரு காவல்காரர் மட்டும் இருப்பார். வெளியாளை உள்ளே விடாமல் பார்ப்பதுதான் அவர் வேலை. முன்னோருக்குப் படைப்பு என்று வீட்டுக்காரர்கள் வந்து இறங்கும்போது, அவர்களையே திருடர் என்று நினைத்துக் கம்பை ஓங்கினால் எப்படி இருக்கும்? உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் செய்வது அதுதான். கிருமியை அடிக்க வேண்டியவை மூட்டை அடித்தால் முடக்குவாதம், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அடித்தால் டைப் 1 சர்க்கரை. லூபஸில் ஒரு இடம் என்று கிடையாது, தோல், மூட்டு, சிறுநீரகம், மூளை என எங்கே வேண்டுமானாலும் கம்பு விழும்.

இதில் 'பி செல்' என்ற வெள்ளணு முக்கியம். பிற எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடுவதும், எதிரியை ஒட்டிப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தயாரிக்கும் அணுவாக முதிர்வதும் அதுதான். வீட்டுக்காரர் முகத்தைத் திருடன் முகம் என்று மனதில் பதித்து வைத்திருப்பதும் அதுதான். இப்போது நாம் சாப்பிடும் மாத்திரைகளில் பெரும்பாலானவை காவல்காரரைக் கொஞ்சம் தூங்கவைக்கின்றன. வீட்டுக்காரர் தப்பிப்பார், ஆனால் நிஜத் திருடனும் எளிதாக உள்ளே வருவான். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அடிக்கடி தொற்று வருவது அதனால்தான்.

செல் சிகிச்சை என்றால் ஸ்டெம் செல்தானே?

இந்த ஒரு குழப்பத்தால்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மாத்திரைக்குப் பதிலாக உயிருள்ள அணுக்களையே மருந்தாகக் கொடுப்பது எல்லாமே செல் சிகிச்சைதான். அதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல வகைகள் இருக்கின்றன. நோயாளியின் சொந்த 'டி செல்' என்ற இன்னொரு வகை வெள்ளணுவை எடுத்து மாற்றியமைத்துத் திருப்பி ஏற்றுவது கார்-டி. ஜெர்மனி வீடியோவில் வருவது இது. இன்சுலின் சுரக்கும் அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து வைப்பது இன்னொன்று. எதிர்ப்பை அடக்கும் 'டி-ரெக்' அணுக்களைக் கொடுப்பது மூன்றாவது.

இவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே ஒரு முறை உண்டு. பலத்த கீமோ கொடுத்து எதிர்ப்பு மண்டலத்தை அடியோடு துடைத்துவிட்டு, முன்கூட்டியே எடுத்து வைத்த சொந்த ரத்த ஸ்டெம் செல்லை ஏற்றுவது. தோல் இறுகும் ஸ்க்லெரோடெர்மா நோய்க்கும், நரம்பின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸுக்கும் இது பலன் கொடுத்திருக்கிறது, ஆனால் விலை கடுமையானது. 2014இல் வெளிவந்த ஐரோப்பிய ஸ்க்லெரோடெர்மா ஆய்வில் இந்த முறைக்கு ஒதுக்கப்பட்ட 79 பேரில் 8 பேர் முதல் வருஷத்துக்குள் சிகிச்சையின் காரணமாகவே இறந்தார்கள். அந்த வருஷத்தைத் தாண்டியவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட நீண்ட நாள் நன்றாக இருந்தார்கள் என்பதும் உண்மை.

கடைசியாக, கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுக்கும் 'மெசன்கைமல்' செல். நம் ஊரில் விளம்பரம் வருவது இதற்குத்தான். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன், எழுதியே ஆக வேண்டும்.

கார்-டி எப்படிச் செய்கிறார்கள்? ஆபரேஷனா?

கத்தியே கிடையாது. டயாலிசிஸ் பார்த்திருக்கிறீர்களா, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு இயந்திரத்தின் பக்கத்தில் சில மணி நேரம் படுக்க வேண்டும். ஒரு கையிலிருந்து ரத்தம் போகும், இயந்திரம் வெள்ளணுக்களை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிடும். எடுத்த அணுக்கள் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே, நோய் பரப்பாதபடி பல் பிடுங்கிய ஒரு வைரஸை வாகனமாக வைத்து, புதிய மரபணு ஒன்றை டி செல்லுக்குள் செலுத்துகிறார்கள். அந்த மரபணு வந்ததும் டி செல்லின் மேல் ஒரு புதிய கொக்கி முளைக்கும். பி செல்லின் மேல் இருக்கும் சி.டி.19 என்ற அடையாளத்தைத் தேடிப் பிடிப்பதற்கென்றே செய்த கொக்கி அது.

அணுக்களை வளர்த்துப் பெருக்க இரண்டு வாரம் போல ஆகும். அதற்குள் நோயாளிக்கு ஃப்ளூடரபின், சைக்ளோபாஸ்பமைடு என்று இரண்டு கீமோ மருந்துகளைச் சில நாள் கொடுத்து, வரப்போகும் அணுக்களுக்கு உடம்பில் இடம் ஒழித்துத் தருகிறார்கள். அப்புறம் ஒரு சிறிய பையில் ஏற்றுவார்கள். அவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் கடைசியில் அது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிற டிரிப்தான். ஜெர்மன் ஆய்வில் ஒரு கிலோ எடைக்கு 10 லட்சம் செல் என்று கொடுத்தார்கள். 50 கிலோ இருக்கும் என்னைப் போன்றவளுக்கு 5 கோடி செல். உள்ளே போனதும் அவை இன்னும் பெருகும். மாத்திரை கரைந்து போகும், இது உள்ளே போய் வளரும். இதன் பலமும் ஆபத்தும் அந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

ஜெர்மனியில் உண்மையில் என்ன நடந்தது? வீடியோ பொய்யா?

பொய் இல்லை. எர்லாங்கன் என்ற ஊரின் பல்கலைக்கழக மருத்துவமனையில், கேயார்க் ஷெட் என்ற மூட்டுநோய் நிபுணரின் குழு 2021இல் 20 வயதுப் பெண் ஒருவருக்கு இதைக் கொடுத்தது. சிறுநீரகம் வரை லூபஸ் பாய்ந்து, கொடுத்த மருந்துகள் எல்லாம் கைவிட்ட நிலை. புற்றுநோய்க்குக் கொடுத்து வந்த கார்-டியை லூபஸுக்குக் கொடுத்ததை உலகம் கவனித்தது அப்போதுதான். அந்தப் பெண்ணின் ரத்தத்தில் லூபஸ் ஆன்டிபாடி மறைந்தது, சிறுநீரில் போன புரதம் குறைந்தது. அடுத்த வருஷம் அவரோடு சேர்த்து ஐந்து பேரின் முடிவை வெளியிட்டார்கள்.

2024 பிப்ரவரியில் வந்தது பெரிய அறிக்கை. மொத்தம் 15 பேர். லூபஸ் 8, தசை அழற்சி 3, ஸ்க்லெரோடெர்மா 4. லூபஸ் இருந்த எட்டுப் பேருக்கும் நோய் அடங்கியது, மற்றவர்களுக்கும் நோயின் வேகம் குறைந்தது, 15 பேருமே எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை நிறுத்திவிட்டார்கள். அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட மாத்திரை இல்லாமல் நான் இருந்ததில்லை, இருக்க முடியும் என்று யாரும் எனக்குச் சொன்னதுமில்லை.

ஆனால் 15 பேர். அதை மறக்கக் கூடாது. அவர்களைக் கவனித்த காலம் சராசரியாக ஒன்றேகால் வருஷம். மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வும் இல்லை அது. காரைக்குடிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி நம் ஊரிலேயே இருக்கிறது. அங்கே ஆய்வக மேசையில் ஒரு பேட்டரி நன்றாக ஓடியது என்பதற்கும், அதே பேட்டரி பெரியார் சிலைப் பக்கத்துக் கடையில் விற்பனைக்கு வருவதற்கும் நடுவில் எத்தனை வருஷம், எத்தனை சோதனை இருக்கும் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பி செல்லை எல்லாம் அழித்துவிட்டால், சாதாரண காய்ச்சல் வந்தாலே ஆள் போய்விடாதா?

நானும் இதைத்தான் முதலில் கேட்டேன். ஜெர்மன் நோயாளிகளுக்கு ஏறத்தாழ நான்கு மாதத்தில் பி செல்கள் தாமாகத் திரும்பி வந்தன. எலும்பு மஜ்ஜை புதிதாகச் செய்து அனுப்பிய அணுக்கள் அவை, பழைய தப்பான ஞாபகம் அவற்றுக்கு இல்லை. பழைய காவல்காரரை அனுப்பிவிட்டுப் புது ஆளை வைத்த மாதிரி. வந்த புது ஆள் வீட்டுக்காரரை அடிக்கவில்லை என்பதுதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி.

இன்னொன்று. சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் ஆன்டிபாடியை மஜ்ஜைக்குள் நீண்ட நாள் வாழும் பிளாஸ்மா செல்கள் செய்துகொண்டிருக்கும். அவற்றில் பலவற்றின் மேல் சி.டி.19 அடையாளம் இருக்காது என்பதால் அவை தப்பித்துவிடுகின்றன. அந்தப் பாதுகாப்பு பெருமளவு அப்படியே இருக்கிறது.

ரிட்டுக்ஸிமேப் ஊசியும் பி செல்லைத்தானே அழிக்கிறது? அதை எனக்குப் போட்டாயிற்றே.

ஆமாம், எனக்கும் போட்டார்கள். ரத்தத்தில் ஓடும் பி செல்லை அது நன்றாகத் துடைக்கும். நெறிகட்டும் முடிச்சுகளுக்குள்ளும் திசுக்களின் ஆழத்திலும் பதுங்கியிருப்பதை முழுசாகத் தொடாது. கார்-டி உயிருள்ள அணு என்பதால் தேடிக்கொண்டு உள்ளே போகிறது. முகப்பைப் பெருக்குவதற்கும், வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று கடைசி வரை பெருக்கிக்கொண்டு போவதற்கும் உள்ள வித்தியாசம்.

அப்போ முழுக்கக் குணமாகிவிட்டதா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் ஆச்சி.

அடங்கியிருக்கிறது. அதற்கு மேல் இப்போது யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆபத்து என்னென்ன?

ஏற்றிய அணுக்கள் வேலையை ஆரம்பிக்கும்போது உடம்பில் சைட்டோகைன் என்ற வேதிப்பொருள் வெள்ளமாகக் கொட்டும். காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குவது, மூச்சுத் திணறல் என்று வரும். புற்றுநோயாளிகளில் சிலருக்கு இது ஐ.சி.யூ. வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது. அதை அடக்க டோசிலிசுமேப் என்ற மருந்து உண்டு, நம்மில் முடக்குவாதக்காரர்கள் சிலர் அதை வேறு காரணத்துக்காக ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஜெர்மன் 15 பேரில் பெரும்பாலானவர்களுக்கு வெறும் காய்ச்சலோடு நின்றது, ஒருவருக்கு நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அடுத்தது மூளை. சிலருக்குக் குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்புகூட வரலாம். இதை எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்று படித்தபோது மனதில் அப்படியே நின்றுவிட்டது. பெரிய ஸ்கேன் எதுவும் இல்லை. நோயாளியின் கையில் ஒரு பேனாவைக் கொடுத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறார்கள். பேனா, கடிகாரம் என்று கண்ணெதிரே இருக்கும் பொருளைக் காட்டிப் பெயர் கேட்கிறார்கள். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்கிறார்கள். தினமும். நேற்று நேராக ஓடிய கையெழுத்து இன்று கோணலாகிவிட்டால், நோயாளிக்கே தெரியாத ஒன்று டாக்டருக்குத் தெரிந்துவிடுகிறது.

இது தவிர, கீமோவால் சில வாரம் ரத்த அணுக்கள் குறைந்து தொற்று வரும் வாய்ப்பு அதிகம். கார்-டி எடுத்த சில புற்றுநோயாளிகளுக்குப் பின்னாளில் டி செல் புற்றுநோய் வந்ததைப் பார்த்து, 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்து ஆணையம் மருந்தின் தகவல் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. அரிதான விஷயம்தான். இருந்தாலும் உயிருக்குப் போராடும் புற்றுநோயாளி அந்த ஆபத்தை எடைபோடுவதும், மாத்திரையில் ஓரளவு ஓடிக்கொண்டிருக்கும் 25 வயதுப் பெண் எடைபோடுவதும் ஒன்றாக முடியாது.

அந்த 25 வயதுப் பெண்ணுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் லூபஸ் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் நாம்தான். சைக்ளோபாஸ்பமைடு கருமுட்டையைப் பாதிக்கக்கூடியது. கல்யாணத்துக்கு முன்னால் இதை வாய் திறந்து கேட்க வீட்டில் பெரியவர்கள் எதிரே கூச்சமாக இருக்கும். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகவாவது டாக்டரிடம் கேளுங்கள். கார்-டிக்கு மட்டுமில்லை, சிறுநீரக லூபஸுக்கு அந்த மருந்தை டிரிப்பாக எழுதிக் கொடுக்கும்போதும் கேளுங்கள்.

என் மகனுக்கு டைப் 1 சர்க்கரை, ஒன்பது வயது. தினமும் நாலு ஊசி. செல் வைத்தால் ஊசியே வேண்டாமாமே?

இதைக் கேட்டது தேவகோட்டையிலிருந்து வரும் ஒரு அம்மா. பையனின் ஸ்கூல் பைக்குள் குளுக்கோஸ் பிஸ்கட்டும், ஈரத்துணி சுற்றிய டப்பாவில் இன்சுலினும் வைத்து அனுப்புகிறவர். அவருக்கு அவசரமாக எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதனால் படித்துவிட்டு வந்துதான் சொன்னேன்.

2025 ஜூனில் வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வு வெளிவந்தது. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இன்சுலின் அணுக்களைக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். முழு அளவு கொடுக்கப்பட்ட 12 பேரில் 10 பேர் ஒரு வருஷம் கழித்து இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அணுக்களை உடம்பு தாக்காமல் இருக்க, எதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அதே ஆய்வில் சேர்ந்த ஒருவர் மூளைக்காய்ச்சல் தொற்றில் இறந்தும் போனார். சேர்க்கப்பட்டவர்கள் பெரியவர்கள், அதிலும் சர்க்கரை திடீரென்று இறங்குவதே தெரியாமல் மயங்கி விழும் ஆட்கள்.

சீனாவில் தியான்ஜின் நகரில் 25 வயதுப் பெண்ணுக்கு அவருடைய சொந்தக் கொழுப்பணுவிலிருந்தே இன்சுலின் அணுக்களைச் செய்து வயிற்றுத் தசையில் வைத்தார்கள், 75 நாளில் ஊசியை விட்டார். அவர் ஏற்கெனவே கல்லீரல் மாற்று செய்துகொண்டவர், எதிர்ப்பை அடக்கும் மருந்தை அதற்காகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். வீடியோவில் அந்த வரி வருவதில்லை. ஸ்வீடனில் ஒருவருக்கு, எதிர்ப்பு அணுக்களின் கண்ணுக்குப் படாதபடி மரபணு திருத்திய செல்களை முன்கைத் தசையில் வைத்தார்கள். எந்த அடக்கும் மருந்தும் இல்லாமலே அவை இன்சுலின் சுரந்தன, அளவு குறைவு என்பதால் அவருக்கு ஊசி இன்னும் தேவைப்படுகிறது. எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இந்த ஒருவரின் செய்திதான், ஏனென்றால் ஒரு குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க அடக்கும் மருந்து கொடுக்காமல் செய்ய வேண்டுமென்றால் வழி அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.

அதுவரை ஊசி. ஒரு வேளையும் தவறாமல். யாராவது பொடி கொடுத்து ஊசியை நிறுத்தச் சொன்னால், சிறுபிள்ளைக்கு ஓரிரு நாளிலேயே உயிர் போகும் ஆபத்து என்பதை அந்த அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன், இங்கேயும் எழுதிவிட்டேன்.

முடக்குவாதத்துக்கு உண்டா?

சிலருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஆய்வுகள் நடக்கின்றன. முடக்குவாதத்துக்கு இன்று நல்ல மாத்திரைகளும் ஊசிகளும் நிறைய இருப்பதால், அங்கே இதற்கு அவசரம் குறைவு. தசை சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ், தசை அழற்சி, ஸ்க்லெரோடெர்மா ஆகியவற்றில் வேலை வேகமாகப் போகிறது.

2025இல் நோபல் பரிசு இதற்குத்தான் கொடுத்தார்களா?

கார்-டிக்கு இல்லை. மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும், எதிர்ப்பு மண்டலத்துக்கு உள்ளேயே கட்டுப்படுத்தும் அணுக்கள் இருப்பதைக் கண்டுபிடித்ததற்காகக் கொடுத்தார்கள். அவைதான் டி-ரெக். காவல்காரரின் கையைப் பிடித்து "இவர் நம்ம வீட்டு ஐயா, கம்பைக் கீழே போடு" என்று சொல்கிற கணக்குப்பிள்ளை மாதிரி. அந்தக் கணக்குப்பிள்ளைகளை வெளியே எடுத்து, பெருக்கி, திருப்பிக் கொடுக்கலாமா என்று முயன்று வருகிறார்கள். அழிப்பதைவிடச் சமாதானம் செய்துவைக்கும் வழி என்பதால் நீண்ட நாளில் இதுவே மென்மையான சிகிச்சையாக வரலாம் என்பது என் எண்ணம். கார்-டி அளவுக்கு மனிதரில் கண்ணில் படும் பலன் இன்னும் வரவில்லை.

இந்தியாவில் கிடைக்குமா? எவ்வளவு ஆகும்?

கார்-டி இந்தியாவிலேயே தயாராகிறது, இதில் நாம் பெருமைப்படலாம். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். வெளிநாட்டில் மூன்று நான்கு கோடி ஆகும் சிகிச்சை இங்கே சுமார் 40 லட்சத்தில் வந்திருக்கிறது. ஆனால் அனுமதி சில வகை ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும். லூபஸுக்கோ வேறு தன்னுடல் தாக்கு நோய்க்கோ இல்லை. ஆகவே இன்று உங்களுக்கு அது கிடைக்கும் நேர்வழி, அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வில் சேர்வது மட்டும்தான்.

விலை இறங்குமா என்றால், இறங்கும் வழிகளைத் தேடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அணு வளர்ப்பதால்தான் இவ்வளவு செலவு, அளவெடுத்துத் தைக்கிற ரவிக்கை மாதிரி. ஆரோக்கியமான ஒருவரின் டி செல்லை மரபணு திருத்திப் பலருக்குக் கொடுக்க முடியுமா என்று ஷாங்காயில் மூன்று பேரிடம் செய்து பார்த்து 2024இல் வெளியிட்டார்கள், மூவரும் தேறினார்கள். அணுவை வெளியே எடுக்கவே வேண்டாம், கொரோனா தடுப்பூசியில் வந்ததைப் போன்ற எம்.ஆர்.என்.ஏ.வைக் கொழுப்புத் துளியில் வைத்து ஊசியாகப் போட்டு உடம்புக்குள்ளேயே டி செல்லை மாற்றிவிடலாம் என்று இன்னொரு கூட்டம் வேலை செய்கிறது. அது கைகூடினால் 40 லட்சம் என்ற எண்ணே மாறிவிடும்.

முதலமைச்சர் காப்பீட்டில் கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். நான் பார்த்தபோது அந்தத் திட்டத்தின் வழக்கமான வரம்பே ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம்தான்.

சென்னையிலும் பெங்களூரிலும் ஸ்டெம் செல் போட்டு லூபஸ், முடக்குவாதம் எல்லாம் சரி செய்கிறோம் என்கிறார்களே, மூன்று லட்சம்தான் ஆகுமாம்?

இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு நோய் வந்த நாலாவது வருஷம், ஒரு பெரிய நகரத்தில் இருந்த ஒரு மையத்துக்குப் போனேன். ஏ.சி. அறை, கோட் போட்டவர், சுவரில் செல் படம். மூன்று டோஸ், 2,80,000 ரூபாய். ஆத்தா எனக்குப் போட்ட ரெட்டை வடச் சங்கிலியை விற்றுக் கட்டினோம். தெர்மோகோல் பெட்டியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார்கள். அதன்மேல் பேனாவால் என் பெயரை எழுதியிருந்தார்கள், வேறு எதுவும் இல்லை. தயாரித்த இடம் இல்லை, தொகுதி எண் இல்லை, தேதி இல்லை. பில்லில் 'வெல்னஸ் பேக்கேஜ்' என்று இருந்தது. மருத்துவமனை பில்லில் மருந்தின் பெயர் ஏன் இல்லை என்று கேட்க அன்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டீராய்டை நிறுத்திவிடுங்கள், செல் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். நிறுத்தினேன். ஏழாவது வாரம் முகமும் காலும் வீங்கி, மதுரையில் பன்னிரண்டு நாள் படுத்திருந்தேன். சிறுநீரகம் தப்பியது, சங்கிலி போனது போனதுதான்.

விதி என்ன சொல்கிறது என்று அதற்கப்புறம்தான் படித்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் தெளிவாக இருக்கின்றன. ரத்தம் சார்ந்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று தவிர, வேறு எந்த நோய்க்கும் ஸ்டெம் செல் கொடுப்பது அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும்தான் இருக்க வேண்டும். சிகிச்சை என்று சொல்லி விற்பது நெறிமீறல்.

மெசன்கைமல் செல் முழுக்கப் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவில், மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு குழந்தைகளுக்கு வரும் ஒரு கடுமையான சிக்கலுக்காக இந்த வகைச் செல் மருந்து ஒன்றுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அதே மாதம் ஐரோப்பாவில், குடலைத் தாக்கும் குரோன்ஸ் நோயின் பவுத்திரப் புண்ணுக்கு 2018 முதல் இருந்த ஒரு செல் மருந்து, பெரிய ஆய்வில் பலன் நிரூபணமாகாததால் சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டது. அனுமதி வாங்கிய மருந்துக்கே அந்தக் கதி என்றால், குப்பியில் பேனாவால் பெயர் எழுதிக் கொடுப்பதை எதை வைத்து நம்புவது?

அப்போ நிஜமான ஆய்வை எப்படிக் கண்டுபிடிப்பது?

பணம் கேட்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஆய்வில் கொடுக்கும் சிகிச்சைக்கு உங்களிடம் லட்சங்களை வாங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்து, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு சி.டி.ஆர்.ஐ. என்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. ஒவ்வொரு ஆய்வுக்கும் அதில் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைக் கேளுங்கள், கொடுத்தால் வீட்டுக்கு வந்து தட்டிப் பாருங்கள். அதே நோய், அதே மருத்துவமனை என்று இருக்க வேண்டும். சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், ஒரு பிரதி கையில் வாங்குங்கள், வீட்டில் படித்தவர் ஒருவரை வைத்து ராத்திரி உட்கார்ந்து படியுங்கள். ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது, அது படிவத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று எந்த ஆய்வும் சொல்லாது.

பேரன் பிறக்கப் போகிறான். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால் பின்னாளில் இந்த நோய்க்கெல்லாம் உதவுமா?

மேலே சொன்ன எந்தச் சிகிச்சையும் அப்படிச் சேமித்த ரத்தத்திலிருந்து வரவில்லை. சொந்தக் குழந்தைக்கே பிற்காலத்தில் உதவும் என்று தனியாரிடம் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சொல்லியிருக்கிறது. அந்தப் பணத்தைப் பேரன் பேரில் வங்கியில் போடுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, இன்னும் ரெண்டு மூணு வருஷத்தில் இது வந்துவிடும், இப்போது ஸ்டீராய்டு சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்கிறான்.

தம்பிக்கு அக்கா மேல் பாசம், புரிகிறது. ஆனால் நாளைக்கு வரப்போகும் சிகிச்சை, இன்றைக்குச் சுருங்கிப்போன சிறுநீரகத்தைத் திருப்பிக் கொடுக்காது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை விடாதீர்கள், வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைப் பரிசோதியுங்கள், ஸ்டீராய்டைக் குறைப்பதென்றால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாக மட்டும் குறையுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் முழுக்கைச் சட்டையும் குடையும் இல்லாமல் வெளியே போகாதீர்கள், லூபஸுக்கு வெயில் ஆகவே ஆகாது.

வாய்ப்பு வந்தால் நீங்கள் சேருவீர்களா அக்கா?

போன தை மாதம் மதுரையில் இதையே டாக்டரிடம் கேட்டேன். என் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களை எடுக்க மாட்டார்கள்" என்றார். இரண்டு வருஷமாகச் சிறுநீரில் புரதம் இல்லை, ஸ்டீராய்டு தினம் 5 மில்லிகிராமுக்கு வந்துவிட்டது. இந்த ஆய்வுகள் பல மருந்துகள் தோற்ற பிறகும் நோய் கொதித்துக்கொண்டிருப்பவர்களுக்கானவை. எனக்கு அடுத்த நாற்காலியில் பள்ளத்தூரிலிருந்து வந்த கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். மூன்று மருந்து மாற்றியும் புரதம் இறங்கவில்லை. அவள் பெயரை டாக்டர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, ஆய்வு ஏதாவது ஆரம்பித்தால் கூப்பிடுவதாகச் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுடைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுத்தேன், மூன்று வருஷத்துச் சிறுநீர்ப் பரிசோதனை, பயாப்ஸி, தடுப்பூசி அட்டை எல்லாம். திருப்பத்தூர் தாண்டுவதற்குள் கோப்பு தயாராகிவிட்டது.